வரப்புக்கு அந்தப் பக்கத்து மண்

— பச்சை வேணாம்ப்பா. நான் சொல்றதைக் கேளுங்க, நீலத்தை எடுங்க.

— எனக்கென்னமோ பச்சைதான் தோதுப்படும்னு தோணுது கண்ணு.

— காலையிலேர்ந்து மூணு டப்பாவையும் திறந்து வச்சுக்கிட்டு பச்சையையே உள்ளங்கையில போட்டு உருட்டிக்கிட்டு இருக்கீங்க. விதை மேல பூசின சாயத்தைப் பார்த்தா வாங்குவாங்க? உள்ளே இருக்கற ரகத்தைப் பாருங்க.

— ரகத்தைத்தான் பார்க்கறேன். அதாவது, ஆரஞ்சுல பீட் கிழங்கு நல்லா பெருக்கும், சர்க்கரை குறையும். நீலத்துல கிழங்கு நடுத்தரம், சர்க்கரை ஜாஸ்தி. பச்சை வந்து, வேரைத் தின்னற நூற்புழுவைத் தாங்கும்.

— தாங்கும், இருந்தா தாங்கும். நம்ம நிலத்துல புழுவே கிடையாதே, அது எதைத் தாங்கப் போகுது? நனையாத தலையைத் துவட்டற கதையா இருக்கு. புழு இல்லாத மண்ணுல பச்சையைப் போட்டா விளைச்சலும் போச்சு, சர்க்கரையும் போச்சு. சர்க்கரை ஆலை லேப்ல தினம் பத்துப் பேருக்கு இதைத்தான் சொல்லி அனுப்பறேன். சொந்த அப்பாவே தப்பான விதையைப் போட்டார்னா என்னைப் பார்த்துச் சிரிக்க மாட்டாங்களா?

— சிரிச்சா சிரிக்கட்டும். சிரிக்கறது உடம்புக்கு நல்லதுதான்.

— பேச்சை மாத்தாதீங்க.

— மாத்தலை. இப்போ இல்லைங்கறே, நாளைக்கு வராதுங்கறதுக்கு என்ன நிச்சயம்? நம்ம அறுவடை மெஷின் அக்கம்பக்கத்து நிலத்துல எல்லாம் இறங்கி ஏறுது. டயர்ல ஒட்டற மண்ணோட புழுவும் வந்துடாதா?

— டயரைக் கழுவிட்டு வாங்க.

— ஒவ்வொரு தடவையுமா?

— பல்லு தினமும்தானே தேய்க்கறீங்க?

— அப்படியே உங்கம்மா வாய் உனக்கு.

— அம்மா இருந்திருந்தா இந்நேரம் விதை மண்ணுக்குள்ள போயிருக்கும். சரி, ஒண்ணு கேக்கறேன். ஜன்னலைப் பார்க்காம என்னைப் பார்த்துச் சொல்லுங்க. மண் பரிசோதனைக்கு ரெண்டு பை அனுப்புனீங்களே, ரெண்டும் நம்ம நிலத்து மண்ணா?

— பின்ன யார் நிலத்து மண்ணு?

— ரெண்டாவது பையை எங்கேர்ந்து எடுத்தீங்க?

— அது… கிணத்து மூலையில.

— கிணத்து மூலையில கரிசல். சின்னப் பிள்ளையில நான் அந்த மண்ணைக் குழைச்சுத்தான் அடுப்பு செஞ்சு விளையாடினேன். கையில எடுத்தா விட மாட்டேன்னு ஒட்டிக்கும். பையில வந்தது சாம்பல் நிறம், பாதி மணல். தட்டுல கொட்டுனா சலசலன்னு சரியுது.

— வெயில்ல காஞ்சு வெளுத்திருக்கும்.

— அப்பா.

— ம்.

— அந்த மண்ணை லென்ஸுக்கடியில வச்சுப் பார்த்தேன். புழுக்கூடு அப்படி மொய்க்குது. எலுமிச்சம்பழத்தை ஊசிமுனை அளவுக்குச் சுருக்கின மாதிரி, பழுப்பு நிறத்துல. நம்ம நிலம் போச்சுன்னே நினைச்சுட்டேன். அப்புறம்தான் மண்ணைத் தொட்டுப் பார்த்தேன். யார் மண்ணுப்பா அது?

— டீ ஆறிப் போச்சு பாரு. வேற போட்டுக் கொண்டாரேன்.

— உக்காருங்க. டெய்லர் அத்தை நிலத்து மண்ணுதானே? வரப்புக்கு அந்தப் பக்கம் எடுத்தது.

— தெரிஞ்சுக்கிட்டே எதுக்குக் கேக்கறே?

— நீங்களா சொல்லுவீங்களான்னு பார்த்தேன்.

— போன அறுவடையில அவங்க நிலத்துக் கிழங்கை நீ பார்க்கலை. ஒவ்வொண்ணும் கைமுட்டி அளவு. சல்லிவேர் தாடி மாதிரி தொங்குது. மெஷின்ல கிழங்கு விழற சத்தமே கேக்கலை, கல்லு விழற சத்தம்தான் கேக்குது. நான் இறங்கி வந்து என்ன சொல்றதுன்னு தெரியாம நிக்கறேன். அந்தம்மா ஒரு கிழங்கைக் கையில எடுத்து, "இதுல பொத்தான் செய்யலாம் மெஷின்காரரே"ங்கறாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

— அத்தையே மண்ணைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னாங்களா?

— அவங்க எங்கே சொல்லுவாங்க? "மண்ணுக்கும் வயசாச்சு, விடுங்க"ன்னுட்டாங்க. நானாத்தான் ஒரு நாள் அவங்க இல்லாதப்போ ரெண்டு கை அள்ளிட்டு வந்தேன்.

— திருட்டு மண்ணு.

— திருட்டுன்னா திருட்டுத்தான்.

— சரி, பச்சை அத்தைக்கு. அது நியாயம். நமக்கும் எதுக்குப் பச்சை?

— அதாவது, ரெண்டு நிலத்துக்கும் ஒரே விதையா இருந்தா, விதைக்கற கருவியை மாத்தி மாத்திப் பூட்ட வேணாம். இந்தக் கோடியில ஆரம்பிச்சா அந்தக் கோடி வரைக்கும் ஒரே இழுப்பா போயிடலாம்.

— நடுவுல வரப்பு இருக்கே.

— வரப்புன்னா என்ன, அதுவும் மண்ணுதானே.

— என்னப்பா சொல்றீங்க?

— ஒண்ணும் சொல்லலை. நீ டீயைக் குடி.

— கிழங்கு ஏத்தற லாரிக்காரர் ஆலைக்கு வந்தப்போ சொன்னார். அத்தை நிலத்துல அரை நாள் வேலையை நீங்க பொழுது சாயற வரைக்கும் ஓட்டறீங்களாம். அவர் வண்டியை நிறுத்திப் போட்டு ஒரு தூக்கம் தூங்கி எழுந்துடறாராம்.

— மணல் நிலம். மெதுவாத்தான் ஓட்டணும்.

— மணல்ல வேகமா ஓட்டலாம்ப்பா. கரிசல்லதான் மெதுவா ஓட்டணும். நீங்க எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான்.

— மெஷினும் பழசாயிடுச்சு.

— ஓ. மெஷின் பழசு.

— அந்தம்மா ஊரை விட்டுப் போறாங்க கண்ணு.

— யாரு? அத்தையா? எங்கே?

— அவங்க அண்ணன் டவுன்ல ஜவுளிக்கடை வச்சிருக்கார்ல. கடைக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்காம். அங்கேயே ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கிட்டு உக்காரச் சொல்றாராம். ஒண்டிக்கட்டையா இந்த மண்ணோட எதுக்கு மல்லுக்கட்டறேன்னு கேக்கறாராம். அவர் கேக்கறதும் தப்பில்லை. கிழங்கு வரலைன்னா அந்தம்மா என்ன பண்ணுவாங்க? இருக்கறது அந்த ஒரு துண்டு நிலம்.

— அதான் பச்சையைப் போட்டா அத்தை போக மாட்டாங்கன்னு உருட்டிக்கிட்டு இருக்கீங்களா?

— முளைச்சு நல்லா வந்துச்சுன்னா மனசு மாறலாம் இல்லையா?

— அப்பா, ஒண்ணு சொல்றேன், வருத்தப்படக் கூடாது. அந்த மண்ணுல இருக்கற புழுவுக்குப் பச்சையும் தாங்காது. கொஞ்சமா இருந்தா தாங்கும். அங்கே ஊரே குடியிருக்கு.

— அப்போ வழியே இல்லையா?

— இருக்கு. நிலத்துக்கு ஓய்வு கொடுக்கணும். நாலஞ்சு வருஷம் கிழங்கையே கண்ணுல காட்டக் கூடாது. முதல்ல ஒரு கடுகு ரகம் இருக்கு, அதைப் போடணும். புழு ஏமாந்து கூட்டை விட்டு வெளியே வந்துடும், ஆனா அந்தக் கடுகு வேர்ல அதால பெருக முடியாது. அப்புறம் சோளம், கோதுமைன்னு மாத்திக்கிட்டே வந்தா மண்ணு தெளிஞ்சுடும்.

— நாலஞ்சு வருஷம் கிழங்கு இல்லைன்னா ஆலை ஒப்பந்தம் போயிடுமே. ஒரே நிலம் வச்சிருக்கறவங்க அதுக்கு எப்படி ஓய்வு கொடுக்கறது?

— முடியாதுதான். ரெண்டு நிலம் இருக்கறவங்களுக்குத்தான் அது முடியும். ஒண்ணு விளையும், ஒண்ணு ஓய்வெடுக்கும். என்னப்பா, ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

— இல்லை. நீ சொன்னதையே நினைச்சுக்கிட்டு இருக்கேன்.

— நானும் கொஞ்ச நாளாவே ஒண்ணை நினைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அந்த மண்ணு யாரோடதுன்னு தெரிஞ்ச அன்னிக்கு, லேப்ல எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் உக்காந்து அழுதேன்.

— ஏம்மா?

— கோபம். அம்மா படத்தைத் துடைச்சு வைக்கற கை, யாரோ ஒருத்தங்க நிலத்துல மண்ணு அள்ளியிருக்குதேன்னு.

— கண்ணு, அப்படி ஒண்ணும் நான்…

— இருங்க, முடிச்சுடறேன். அப்புறம் யோசிச்சேன். அம்மா போனப்புறம் நான் எப்போ வந்தாலும் நீங்க அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டே, பாத்திரத்துலேர்ந்தே சாப்பிடுவீங்க. தட்டு எடுக்க மாட்டீங்க. கேட்டா, ஒருத்தனுக்கு எதுக்குத் தட்டுன்னுவீங்க. போன்ல பேசினா "ம்", "சாப்பிட்டேன்", "வச்சிடட்டுமா", அவ்வளவுதான். இப்போ ஒரு வருஷமா போன் பண்ணா வைக்கவே மாட்டேங்கறீங்க. டெய்லரம்மா இதைச் சொன்னாங்க, டெய்லரம்மா அப்படிச் சிரிச்சாங்கன்னு. உங்களுக்கே தெரியாம.

— அப்படியா பேசறேன்?

— நேத்து வந்தப்போ பார்த்தேன். மேஜையில தட்டு வச்சு, உக்காந்து சாப்பிட்டீங்க. எனக்கு அது போதும்ப்பா. கேளுங்க அவங்ககிட்ட.

— என்னத்தைக் கேக்க?

— உங்களுக்குத் தெரியும் என்னத்தைன்னு.

— இந்த வயசுலயா? தலை பூரா நரைச்சுப் போச்சு. ஊரு என்ன பேசும்?

— ஊரு லாரிக்காரரை வச்சு எப்பவோ பேசி முடிச்சாச்சு. உங்க ரெண்டு பேருக்குத்தான் இன்னும் விஷயம் தெரியலை.

— மாட்டேன்னுட்டாங்கன்னா? இருக்கற பேச்சுவார்த்தையும் போயிடும் கண்ணு. சும்மா வரப்புல நின்னு நாலு வார்த்தை பேசறது, அதுவும்.

— கேக்காட்டி மட்டும் இருக்குமா? அவங்கதான் போறாங்களே.

— இருக்காதுதான்.

— கேட் சத்தம் கேக்குது. அத்தைதான் வர்றாங்க. கையில உங்க சட்டை.

— ஐயையோ. டப்பாவை மூடு. இல்லை, திறந்தே இருக்கட்டும்.

— வாங்க அத்தை, வாங்க. உள்ளே வாங்க.

— அடடே, பொண்ணு வந்திருக்கா? என்ன மெஷின்காரரே, ஒரு வார்த்தை சொல்லலையே. எப்படிம்மா இருக்கே? இடுப்பு இளைச்சுப் போச்சே, போன தடவை தைச்சதெல்லாம் இப்போ தொளதொளன்னு நிக்குமே. கொண்டா, பிடிச்சுத் தர்றேன்.

— அப்புறம் தர்றேன் அத்தை. நீங்க அப்பாகூடப் பேசிக்கிட்டு இருங்க. எனக்கு மெஷின் டயரைக் கழுவணும்.

— இப்போவா? படிச்ச பிள்ளை, நல்ல துணியைப் போட்டுக்கிட்டு.

— ரொம்ப அவசரம் அத்தை. அப்பாவைக் கேளுங்க, அவர் சொல்லுவார். சொல்லுங்கப்பா.

— என்னவாம் அதுக்கு? காத்து மாதிரி போயிடுச்சு. இந்தாங்க மெஷின்காரரே, உங்க சட்டை. காலரைப் பிரிச்சுத் திருப்பிப் போட்டுத் தைச்சிருக்கேன். கைப் பொத்தானும் மாத்தியாச்சு. இன்னும் நாலஞ்சு வருஷம் தாங்கும்.

— உக்காருங்க டெய்லரம்மா.

— உக்கார நேரமில்லை. இதையும் வச்சுக்கங்க. மோட்டார் ரூம் சாவி. நிலத்தை யாராவது குத்தகைக்குக் கேட்டு வந்தா நீங்களே காட்டிடுங்க. நாளைக்கு அண்ணன் வண்டி வருது.

— நாளைக்கேவா?

— நாளைக்கேதான். கத்தரியை எடுத்தப்புறம் யோசிச்சா துணி கோணலாத்தான் வெட்டுப்படும்.

— இல்லை, நான் இப்போ விதை பார்த்துக்கிட்டு இருந்தேன். அதாவது, இந்த மூணுல எதைப் போடலாம்னு.

— பட்டாணிக்குச் சாயம் போட்ட மாதிரி அழகா இருக்கு. எனக்கு எதுக்கு இனிமே அதெல்லாம்? உங்க நிலத்துக்கு எது நல்லதோ போடுங்க.

— உங்க நிலத்துல நூற்புழு இருக்கு டெய்லரம்மா. லேப்ல பார்த்தாச்சு. உங்ககிட்ட சொல்லாமலேயே மண்ணு எடுத்துட்டு வந்து கொடுத்தேன். தப்புத்தான்.

— தெரியும்.

— தெரியுமா? எப்படி?

— மண்ணை அள்ளிச் சட்டைப் பையில போட்டுக்கிட்டீங்க. அதே சட்டையைத் துவைக்கக்கூடச் செய்யாம பொத்தான் தைக்கணும்னு என்கிட்டயே கொடுத்தீங்க. உதறினா வீடு பூரா என் நிலத்து மணல். என் மண்ணு எனக்குத் தெரியாதா?

— ஒண்ணும் கேக்கலையே நீங்க.

— கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?

— கிணத்து மூலை மண்ணுன்னு சொல்லியிருப்பேன்.

— அதான் கேக்கலை. சரி, புழு இருக்குன்னு தெரிஞ்சு போச்சு. செத்தவங்க சீக்கு பேர் தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?

— சாகலை. நிலம் சாகலைங்க. ஓய்வு கொடுத்தா திரும்பும்னு பொண்ணு சொல்றா. நாலஞ்சு வருஷம் கடுகு, சோளம்னு போட்டுக்கிட்டே இருந்தா தெளிஞ்சுடுமாம்.

— நிலம் ஓய்வெடுத்துக்கும். நான் அதுவரைக்கும் எதைச் சாப்பிடறது, கடுகையா?

— இந்த நிலம் இருக்கில்லை. இதுல நீலம் போடறதுன்னு இப்போ முடிவாயிடுச்சு. சர்க்கரை நல்லா வரும். ரெண்டு பேருக்குத் தாராளமா போதும்.

— உங்களுக்கும் உங்க பொண்ணுக்குமா?

— அவ ஆலையில சம்பளம் வாங்கறா.

— அப்போ அந்த இன்னொருத்தர் யாரு?

— டெய்லரம்மா, வேணும்னே கேக்கறீங்க.

— ஆமா, வேணும்னுதான் கேக்கறேன். அளவு சொல்லாம துணியை மட்டும் கொடுத்தா நான் எதைப் பார்த்து வெட்டறது? மெஷினை மெதுவா ஓட்டறீங்க. மண்ணைத் திருடறீங்க. நல்லா இருக்கற சட்டையில பொத்தானைப் பிச்சுட்டுத் தைக்கக் கொண்டு வர்றீங்க. அதுகூடத் தெரியாமலா இருப்பேன்? பல்லால கடிச்சுப் பிச்ச நூல் வேற, தானா அறுந்த நூல் வேற. இதையெல்லாம் வச்சு நானா ஒண்ணை நினைச்சுக்கிட்டு, நாளைக்கு அப்படி இல்லைன்னு ஆச்சுன்னா என் மானம் என்ன ஆகறது?

— நான் பேசத் தெரியாதவன்.

— கிழங்கைப் பத்தின்னா விடிய விடியப் பேசறீங்க.

— கிழங்கு திருப்பி ஒண்ணும் சொல்லாதுல்ல.

— நானும் ஒண்ணும் சொல்லலை. சொல்லுங்க.

— போகாதீங்க டெய்லரம்மா. டவுன்ல கடைக்குப் பின்னாடி ஒரு ரூம்ல நீங்க உக்காந்திருக்கறதை என்னால நினைச்சுக்கூடப் பார்க்க முடியலை. இங்கே இருங்க. இந்த வீட்ல. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு இருங்க. உங்க நிலம் ஓய்வெடுக்கட்டும், இது விளையட்டும். அப்புறம் இது ஓய்வெடுக்கட்டும், அது விளையட்டும். ஒருத்தருக்கு முடியலைன்னா இன்னொருத்தர். எனக்கு வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.

— இதுவே போதும்.

— உங்க வீட்டுக்காரர் படமும் இங்கேயே இருக்கட்டும். அவ அம்மா படத்துக்குப் பக்கத்துல ஆணி அடிச்சுத் தர்றேன்.

— இப்படியெல்லாம் பேசத் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் பேசத் தெரியாதுன்னீங்களா?

— கண்ணைத் துடைச்சுக்கங்க. அழ வச்சுட்டேனா?

— சட்டைக்குள்ள இருந்த நூல் தூசி பட்டுடுச்சு. உங்க பொண்ணு என்ன சொல்லும்? அதுக்கு நான் எப்பவும் அத்தைதான். பெரிய ஸ்தானமெல்லாம் நான் கேக்க மாட்டேன்.

— அவதான் கேக்கச் சொன்னா. அதுக்காகத்தான் நல்ல துணியோட போய் டயர் கழுவறா.

— தண்ணி விழற சத்தமே கேக்கலையே.

— ஜன்னலுக்கு வெளியே நின்னுக்கிட்டு இருப்பா.

— நிக்கட்டும், பாவம். இங்கே பாருங்க, கை பட்டு டப்பா சாயுது. அந்த டப்பாவை மூடி வைங்க, விதை கீழே கொட்டப் போகுது.

— நீங்க இன்னும் பதில் சொல்லலை டெய்லரம்மா.

— சொல்லணுமா?

— சொல்லணும். நான் சொன்னேன் இல்லையா? நாளைக்கு உங்க அண்ணன் வண்டி வந்து வாசல்ல நின்னா நான் என்னன்னு நினைச்சுக்கறது?

— வண்டி எங்கே வரும்? நான் வரலைன்னு அண்ணனுக்கு நேத்தே சொல்லியாச்சு. நீங்க வாயைத் திறக்கறீங்களான்னு பார்க்கத்தான் சாவியை எடுத்துக்கிட்டு வந்தேன்.